திறக்கும் முன்பே விற்கும் பூங்கா

நீர்ப்பூங்கா விளம்பரத்தில் முதலில் விலைபோவது சறுக்குப்பாதை அல்ல, காத்திருப்புத்தான். சென்னைக்கருகே திருப்போரூர்ப் பக்கம் ‘வொண்டர்லா’ பூங்கா 2025 டிசம்பரில்தான் திறந்தது. அதற்குமுன் வரிவிலக்குப் பேச்சிலேயே பல ஆண்டுகள் ஓடின. ஆனாலும் ஆவல் ஆறவில்லை. 2000இல் கொச்சியில் ‘வீகாலாண்ட்’ என்று தொடங்கிய அதே நிறுவனத்தின் பூங்காக்களில் நனைந்து திரும்பியவர்களின் வாய்ப்பேச்சு, எந்தப் பதாகையையும்விட வலிமையானது.

எங்கள் கண்டியில் இப்படியொன்று அறிவிக்கப்பட்டால் அந்த முன்அனுபவம் துணைக்கு வராது; கணினியில் வரைந்த நீலக்குளமும் சிரிக்கும் குழந்தைகளுமே சாட்சி. முன்கூட்டி ஆவலைக் கிளப்பாவிட்டால் போட்ட முதல் எப்படி மீளும் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சுமார் 500 மீற்றர் உயரத்தில், இரு பருவமழையும் நனைக்கும் ஊர் இது. வருடத்தில் எத்தனை நாள் வெயிலில் குளிக்கலாம் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. நகரின் குடிநீருக்கே மகாவலியைத்தான் நம்பியிருக்கிறோம். ஆகவே நுழைவுச்சீட்டுச் சலுகைக்கு முன்னால், நீர் எங்கிருந்து வரும், எப்படிச் சுத்திகரிக்கப்படும், குளத்துக்கு எத்தனை உயிர்காப்பாளர் என்பதை அச்சிடட்டும். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டாய உழைப்பில் வெட்டுவித்த கண்டி வாவியைச் சுற்றி நடக்க, இன்றுவரை யாரும் சீட்டுக் கேட்பதில்லை. புதுப் பூங்காவுக்கு அதுவும் ஒரு போட்டியாளர்.