சர்வகலாசாலையும் வீராம்பட்டினமும்

மனிதனுக்காக யந்திரமா, யந்திரத்துக்காக மனிதனா? புதுவை வாசிகள் இக்கேள்வியை இனியும் ஒத்திப்போடுவதற்கில்லை. பாங்கியிலும், ஆஸ்பத்திரியிலும், ரயிலடியிலும் இன்று கணிப்பொறியின் தயவின்றிக் காரியம் நடைபெறுவது அரிதாகிவிட்டது. சட்டைப்பையிலுள்ள டெலிபோனே ஒரு கணிப்பொறி. ஆயினும் அதன் முன் திகைத்து நின்று, அடுத்தவர் கையில் அதைக் கொடுத்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று இரக்கும் முதியோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். குற்றம் அம்முதியோருடையதன்று, யந்திரத்தை வகுத்தவருடையதே என்பது நமது துணிபு.

மேல்நாட்டாரும் இவ்வுண்மையைத் தாமதித்தே உணர்ந்தனர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்த மார்க் வைசர் என்பார், கணிப்பொறி மேஜையை விட்டிறங்கி, சுற்றுப்புறமெங்கும் கலந்து, கண்ணுக்குப் புலப்படாமல் ஊழியஞ் செய்யவேண்டுமென்று 1991ஆம் ஆண்டில் எழுதினார். எங்கும் பரவிய கணிமை என்னும் சாஸ்திரத்துக்கு அவரே மூலபுருஷர். யந்திரத்தைக் கையாளுவோனது பழக்கம், பாஷை, தடுமாற்றம் ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து, பின்னரே யந்திரத்தை அமைப்பது பயனர் அனுபவ வடிவமைப்பு எனப்படும். நம் தேசத்திலும் வடிவமைப்புக் கல்வி புதிதன்று. ஆமதாபாத்தில் 1961இலும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969இலும் அதற்கெனக் கலாசாலைகள் தோன்றின.

இவற்றிற்கெல்லாம் புதுவை சளைத்ததன்று. 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வில்லியனூரை நடுநாயகமாகக் கொண்டு கிராமச் செய்தி நிலையங்களை அமைத்தனர். அமெரிக்கக் கடற்படையினர் வெளியிட்ட அலைகளின் உயரக் கணக்கு வில்லியனூருக்கு வந்து, தமிழாகி, வீராம்பட்டினக் கரையில் ஒலிபெருக்கி வாயிலாக முழங்கிற்று. கடலுக்குப் புறப்படும் மீனவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை; காது கொடுத்தால் போதும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து கிடைத்த டெலிபோன் எச்சரிக்கையை நல்லவாடு மீனவர் தம் ஊர்ச் செய்தி நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கரையினின்றும் அகற்றினர். எண்ணற்றோர் உயிர் தப்பினர். வைசர் கண்ட கனவுக்கு இதனினும் சிறந்த உதாரணம் வேறெங்கே உளது?

வெறும் அலங்கார வேலைக்குச் சர்வகலாசாலை எதற்கு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அலங்காரமன்று, இஃது உரிமைப் பிரச்னை. வாசித்துப் பொருளறியாதவனிடம் கையொப்பம் வாங்கிய பத்திரம் எத்தகையதென்பதை வக்கீல்கள் அறிவர். இன்றோ "சம்மதிக்கிறேன்" என்ற பொத்தானை மக்கள் பொருளறியாமலே அழுத்துகின்றனர். 2023ஆம் ஆண்டு இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதங் கோரும் அறிவிப்பை அரசியல் சாஸனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள பாஷைகளிலும் பெறும் உரிமையை அளித்துள்ளது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆயின் சட்டம் பாஷையைத் தரலாம். தெளிவைத் தருவது யார்? அகராதியைப் புரட்டி வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து வைத்தால், ஆங்கிலத்தில் விளங்காதது தமிழிலும் விளங்காமற் போகும்.

1985இல் பாராளுமன்றச் சட்டத்தால் பிறந்த சர்வகலாசாலை காலாப்பட்டுக் கடலோரத்தில் நிற்கிறது. பழைய இஞ்சினீயரிங் கலாசாலை 2020இல் தொழில்நுட்பச் சர்வகலாசாலையாக உயர்ந்திருக்கிறது. இவ்விரண்டின் அதிகாரிகளுக்கும் நாம் கூறுவது மூன்று. இச்சாஸ்திரங்களைப் பெயரளவில் ஒரு மூலையில் வையாமல், முறையான பாடமாக நடத்துக. மாணாக்கர் ஒரு பருவமேனும் மீனவர் குப்பத்திலும், சந்தையிலும், ஆஸ்பத்திரி வாயிலிலும் இருந்து கற்கட்டும். அவர் அமைத்ததை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பாட்டி துணையின்றிக் கையாண்டால் மட்டுமே தேர்ச்சி அளிக்கப்படட்டும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய 1954க்கு முன்னர், சர்க்கார்க் காகிதம் விளங்காமல் நம் முன்னோர் துபாஷியைத் தேடி அலைந்தனர். சுயராஜ்யத்தில் யந்திரத்துக்கும் ஒரு துபாஷியைத் தேடுவது நமக்கு அழகாகுமா? சட்டசபை அங்கத்தினரும் தேச ஊழியரும் இதனைச் சிந்திப்பாராக.