டார்ட்மூரில் ஓர் இரவு தங்க யாரைக் கேட்க வேண்டும்?

2025 மே 21 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, முதுகுப்பையில் சிறு கூடாரத்தைச் சுமந்துகொண்டு மலையேறும் ஆயிரக்கணக்கானோரை நிம்மதிப் பெருமூச்சு விடவைத்தது. இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் இருக்கும் டார்ட்மூர் பொதுவெளியில், நிலத்தின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்காமலே கூடாரமிட்டு இரவு தங்க மக்களுக்கு உரிமை உண்டு என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இங்கிலாந்தில் இப்படியொரு உரிமை சட்டப்படி எஞ்சியிருக்கும் இடம் இது ஒன்றுதான். அதுவும் ஒருமுறை பறிபோய், மேல்முறையீட்டில் மீண்டு, மறுபடியும் கேள்விக்குள்ளாகி, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இழுபறிக்குப் பிறகே உறுதியானது.

ஒரு புல்மேட்டில் படுத்துறங்கி எழுவதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது ஏன்? அதைப் புரிந்துகொள்ள, அந்த நிலம் யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நிலம் ஒருவருக்கு, மேய்ச்சல் இன்னொருவருக்கு

டார்ட்மூர் 954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா, 1951இல் அறிவிக்கப்பட்டது. மரங்கள் அரிதான மேட்டுநிலம். காற்றும் மழையும் அரித்தது போக எஞ்சிய கருங்கல் குவியல்கள் குன்றுகளின் உச்சியில் நிற்கின்றன. பள்ளங்களில் சதுப்பு. இடையிடையே கூட்டமாக மேயும் குட்டையான மட்டக் குதிரைகள். வெண்கலக் காலத்து மனிதர்கள் நட்டுவைத்த கல்வரிசைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் ‘பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்’ நாவலுக்கு ஆர்தர் கானன் டாயில் களமாக எடுத்துக்கொண்டது இந்த மண்ணைத்தான்.

தேசியப் பூங்கா என்று பெயர் இருந்தாலும், இந்தியாவில் இருப்பதுபோல அது முழுக்க அரசுக்குச் சொந்தமான காடு அல்ல. அதற்குள் ஊர்கள் உண்டு, பண்ணைகள் உண்டு. நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பரப்பு ‘காமன்ஸ்’ எனப்படும் பொதுவெளி. நம்மூர் மேய்க்கால் புறம்போக்கைப் போல ஆடுமாடுகள் பொதுவாக மேயும் இடம்தான் இதுவும். ஆனால் அங்கே பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். மேய்ச்சல் உரிமை சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கும்.

மூன்றாவது தரப்பாகப் பொதுமக்களைச் சேர்த்தது 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுவெளிச் சட்டம். கால்நடையாகவோ குதிரையிலோ இந்தப் பொதுவெளிக்குள் சென்று திறந்தவெளிப் பொழுதுபோக்கில் ஈடுபட அனைவருக்கும் உரிமை உண்டு என்று அதன் பத்தாவது பிரிவு சொல்கிறது. கூடாரம் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஆனாலும் அந்த உரிமைக்குள் அதுவும் அடக்கம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் தங்கிவந்தார்கள். பூங்கா ஆணையமும் 1989இல் துணைவிதிகள் வகுத்து அதை முறைப்படுத்தியது.

இந்த உரிமையால் அதிகம் பயன்பெற்றவர்கள் இளைஞர்கள். 1960 முதல் ராணுவம் நடத்திவரும் ‘டென் டார்ஸ்’ நடைப் போட்டியில் ஆண்டுதோறும் சுமார் 2,400 பதின்பருவத்தினர் ஆறு பேர் கொண்ட அணிகளாகக் கலந்துகொள்கிறார்கள். உணவு, உடை, கூடாரம் எல்லாவற்றையும் தாங்களே சுமந்து, வழியில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாட்களில் 35, 45 அல்லது 55 மைல் தூரத்தைக் கடக்க வேண்டும். வரைபடம் பார்க்கவும், மழையில் அடுப்பு மூட்டவும், களைத்துப்போன நண்பனின் சுமையைப் பகிர்ந்துகொள்ளவும் ஒரு தலைமுறைக்கு மேலான பிள்ளைகள் இங்கேதான் பழகினார்கள்.

வழக்கு வந்த வழி

டார்ட்மூரின் தென்பகுதியில் ஸ்டால் மூர் என்ற பொதுவெளி இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பழங்காலக் கல்வரிசை ஒன்று அதன் வழியே செல்கிறது. 2011இல் இந்தப் பகுதியை உள்ளடக்கிய பெரிய எஸ்டேட்டை, முதலீட்டு நிதி மேலாளரான அலெக்ஸாண்டர் டார்வாலும் அவருடைய மனைவி டயானாவும் வாங்கினார்கள். அங்கே மாடு வளர்க்கும் அவர்கள், கூடாரமிடுவோரால் தீ மூளும் ஆபத்து இருக்கிறது, குப்பை சேர்கிறது, கால்நடைகளுக்குத் தொல்லை நேர்கிறது என்று முறையிட்டார்கள். தங்கள் அனுமதி இல்லாமல் இரவு தங்கச் சட்டத்தில் இடமில்லை என்பது அவர்களுடைய வாதம்.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் வென்றார்கள். நடப்பதும் குதிரையேற்றமும் சட்டம் சொல்லும் பொழுதுபோக்கில் அடங்கும். கூடாரமிட்டு இரவு தங்குவது அடங்காது என்றார் நீதிபதி சர் ஜூலியன் ஃபிளாக்ஸ். அடுத்த வாரமே சுமார் 3,000 பேர் திரண்டு ஸ்டால் மூருக்கு நடந்தார்கள். டார்ட்மூரின் நாட்டார் கதைகளில் வரும் காவல் ஆவியான ஓல்டு கிராக்கெர்னின் பெரிய உருவத்தைச் செய்து தூக்கிவந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இதற்கிடையே நிலத்துக்காரர்களோடு பூங்கா ஆணையம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. யார் சம்மதிக்கிறார்களோ அவர்களுடைய நிலத்தில் மட்டும் தங்கலாம் என்றானது. கூடாரம் போடக்கூடிய இடங்களைக் காட்டும் வரைபடம் சுருங்கியது. நேற்றுவரை உரிமையாக இருந்தது, ஒருவர் விரும்பினால் தரும் சலுகையாக மாறிவிட்டது.

பூங்கா ஆணையம் மேல்முறையீடு செய்தது. 1865 முதல் பொதுவெளிகளைக் காக்கப் போராடிவரும் ‘ஓப்பன் ஸ்பேசஸ் சொசைட்டி’ அதற்குத் துணை நின்றது. 2023 ஜூலை 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. நடந்து களைத்தவர் புல்லில் சாய்ந்து கண்ணயர்ந்தால் அது திறந்தவெளிப் பொழுதுபோக்கு. ஈரம் படாமலிருக்க ஒரு விரிப்பை விரித்தாலும், மழைக்கு மறைவாகக் கூடாரத்தின் வாயிலை மூடிக்கொண்டாலும் அது வேறொன்றாகிவிடாது. இதுவே அந்தத் தீர்ப்பின் சாரம்.

டார்வால் தம்பதி உச்ச நீதிமன்றம் சென்றார்கள். கால்நடையாகவும் குதிரையிலும் என்ற சட்ட வாசகத்தின்படி அந்த இரண்டுக்கு மட்டுமே அனுமதி என்று அவர்கள் தரப்பு வாதாடியது. மக்கள் எப்படி உள்ளே வரலாம் என்பதைத்தான் அந்த வாசகம் சொல்கிறது, வந்தபின் என்ன செய்யலாம் என்பதை அது கட்டுப்படுத்தவில்லை என்று நீதிபதிகள் விளக்கினார்கள். தவறு செய்வோரைக் கட்டுப்படுத்தத் துணைவிதி வகுக்கும் அதிகாரத்தைப் பூங்கா ஆணையத்துக்கு நாடாளுமன்றம் கொடுத்திருக்கிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. முறைகேடு நடந்தால் மருந்து அந்த விதிகளில் இருக்கிறது. உரிமையையே எடுத்துவிடுவது மருந்தல்ல.

சிறைக்குப் போன நடைப்பயணிகள்

இந்தச் சண்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களும் இளைஞர்களுமாகச் சில நூறு பேர், பணக்காரர்களின் பறவை வேட்டைக்காக மூடிவைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். வேட்டைக் காவலாளிகளோடு கைகலப்பு நடந்தது. தலைமை தாங்கிய இளைஞர் பென்னி ராத்மன் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று வாங்க நடப்பதற்கு ஒரு மலை, அவ்வளவுதான். 70 ஆண்டுகள் கழித்து, 2002இல், அந்த நிலத்தை அன்று வைத்திருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரன் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த நடையின் அழுத்தம் 1949இல் தேசியப் பூங்காச் சட்டமாகவும், 2000இல் ஊரகப் பாதை உரிமைச் சட்டமாகவும் பலன் தந்தது. இரண்டாவது சட்டத்தால் மலை, மேட்டுநிலம், பொதுவெளி என்று இங்கிலாந்தின் சுமார் 8 சதவீத நிலத்தில் யாரும் பாதை விட்டு விலகியும் நடக்கலாம். ஆனால் கூடாரம் போடுவதை அந்தச் சட்டம் வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது. டார்ட்மூரின் 1985 சட்டம் இவ்வளவு அருமையானதாக மதிக்கப்படுவதன் காரணம் இதுதான்.

விதிகளும் அவற்றின் காரணங்களும்

டார்ட்மூரில் எங்கு வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் தங்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. பூங்கா ஆணையம் வெளியிடும் வரைபடத்தில் குறித்த பொதுவெளிகளில் மட்டுமே தங்கலாம். ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் கூடாது. சாலையிலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தொல்லியல் சின்னங்கள் இருக்கும் இடத்தில் கூடாரம் கூடாது. காரில் கொண்டுவந்து இறக்கும் பெரிய குடும்பக் கூடாரங்களுக்கு இடமில்லை. எதுவானாலும் முதுகில் சுமந்து வரக்கூடியதாக இருக்க வேண்டும். பூங்காவின் வடபகுதியில் ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் களங்கள் இருப்பதால், பயிற்சி நேரங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்வதும் செங்கொடி பறந்தால் உள்ளே போகாமலிருப்பதும் உயிர்காக்கும் ஒழுங்கு.

தீ மூட்டுவது அறவே கூடாது என்பதுதான் மிக முக்கியமான விதி. டார்ட்மூரின் மேட்டுப்பகுதியை மூடியிருப்பது ‘பீட்’ எனப்படும், பல்லாயிரம் ஆண்டுகளாகச் செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த மண். காய்ந்தால் அந்த மண்ணே எரியும். மேலே அணைந்ததாகத் தோன்றும் நெருப்பு அடியில் நாள்கணக்கில் கனன்று வேறோர் இடத்தில் கிளம்பும். 2018 ஜூனில் மான்செஸ்டர் அருகே சாடில்வொர்த் மேட்டில் பிடித்த தீயை அணைக்க ராணுவத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. 2020 மே மாதம் டார்செட் பகுதியில் வேர்ஹாம் காடு எரிந்தபோது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பார்பெக்யூ தட்டுகளைத் தீயணைப்பு வீரர்கள் அங்கே கண்டெடுத்தார்கள். மலையில் தேநீர் போட வேண்டுமென்றால் சிறிய கேஸ் அடுப்பு போதும். கணப்பு மூட்டும் ஆசையை வீட்டிலேயே விட்டுவர வேண்டும்.

மலம் கழிக்க நீரோடையிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, ஒரு சாண் அளவு குழி தோண்டி மூட வேண்டும். அந்த ஓடைநீரைத்தான் கீழே இருக்கும் ஆடுமாடுகளும் மனிதர்களும் குடிக்கிறார்கள். வசந்த காலத்தில் வானம்பாடி போன்ற பறவைகள் தரையிலேயே கூடு கட்டி முட்டையிடும். நாயை அவிழ்த்துவிட்டால் தாய்ப்பறவை பதறிப் பறந்துவிடும்; முட்டை குளிர்ந்துபோகும். மார்ச் முதல் ஜூலை வரை நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். குட்டி போடும் ஆடுகளுக்கும் அது பாதுகாப்பு.

நிலத்துக்காரர்களின் கவலை கற்பனையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 கோடையில், ஊரடங்கு தளர்ந்ததும் பெருங்கூட்டம் டார்ட்மூருக்கு வந்தது. சாலையோரத்தில் பெரிய கூடாரங்களை அடித்து, தீ மூட்டி, கிளம்பும்போது கூடாரத்தையும் குப்பையையும் அப்படியே விட்டுப்போனவர்கள் பலர். பூங்கா ஆணையமே சில இடங்களில் கூடாரமிடுவதைத் தற்காலிகமாகத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. ஆனால் அவர்கள் செய்த எல்லாமே ஏற்கெனவே விதிமீறல்தான். மாலையில் தாமதமாகக் கூடாரமடித்து, விடிந்ததும் சுருட்டிக்கொண்டு, புல் மடிந்ததைத் தவிர வேறு தடயம் விடாமல் கிளம்பும் நடைப்பயணியையும் இவர்களையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

எல்லைக்கு அப்பால்

ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. 2003இல் இயற்றப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் மக்கள் பொறுப்போடு நடமாடலாம், தங்கலாம் என்கிறது. பொறுப்பு என்றால் என்ன என்பதை அதனோடு வந்த நடத்தை நெறி விளக்குகிறது: பிறர் நலனை மதிக்க வேண்டும், சூழலைக் காக்க வேண்டும், தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும். நெறி தவறினால் உரிமையும் போய்விடும். ஊர்களுக்கு அருகில் கூட்டம் அளவு மீறிய லாக் லோமண்ட் ஏரிக்கரைகளில் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச்சீட்டு வாங்கித்தான் தங்க முடியும். அந்தத் தேசியப் பூங்காவின் மிகச் சிறிய பகுதிக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. மற்ற இடங்களில் உரிமை அப்படியே இருக்கிறது.

நார்வே 1957லேயே இதைச் சட்டமாக்கியது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவுகள் வரை யாரும் கேட்காமல் தங்கலாம். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டுக்கு அருகிலோ தீ மூட்டக் கூடாது. ஸ்வீடன் இந்த உரிமையை 1994இல் தன் அரசியலமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு டார்ட்மூரின் எல்லைக்கு வெளியே எதையும் மாற்றவில்லை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கடைசி வேலிக்கு மேலே உயரத்தில் ஓர் இரவு தங்குவோரைப் பொதுவாகக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். சட்டப்படி அங்கே நிலத்துக்காரர் எழுந்து போகச் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும். ஸ்காட்லாந்து பாணியில் சட்டம் கொண்டுவருவதாகச் சொல்லிவந்த தொழிற்கட்சி, ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 2023இல், அதிலிருந்து பின்வாங்கிவிட்டது.

அந்தப் பேச்சை மறுபடி தொடங்க இதுவே தக்க தருணம். டார்ட்மூரின் 40 ஆண்டுகளும் ஸ்காட்லாந்தின் 20 ஆண்டுகளும் கையில் ஆதாரமாக இருக்கின்றன. அந்த அனுபவத்தை மற்ற மேட்டுநிலங்களுக்கும் விரிக்க வேண்டுமென்றால் மூன்று ஏற்பாடுகள் தேவை: எங்கே தங்கலாம் என்று எவருக்கும் புரியும் வரைபடம், விதி மீறுவோரை அந்த இடத்திலேயே தடுக்கப் போதுமான ரேஞ்சர்கள், நாட்டுப்புறத்தில் நடந்துகொள்ளும் முறையைப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடம். இவற்றுக்கான பணத்தை ஒதுக்குவது அரசின் வேலை. ஆடு மேய்ப்பவரின் பிழைப்புக்கும் கூடாரம் சுமந்து வருபவரின் உரிமைக்கும் ஒரே நேரத்தில் காவலாக இருக்கக்கூடியவை அவைதான்.