கருவிப் பெட்டி வாங்குமுன்…

பொழுது புலருமுன் மதுரைக்குள் வரும் சாலைகளைக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். இந்நகரின் அன்றாட வாழ்வில் பெரும்பங்கு இரு சக்கரங்களின்மேல் வந்து இறங்குகிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் திருமங்கலம் பக்கத்திலிருந்தும் மல்லிகை மூட்டைகள் மொபெட்டில் ஏறி மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு வருகின்றன. பால் பாத்திரமும் கீரைக்கட்டும் காய்கறிச் சாக்கும் அவ்வாறே வருகின்றன. அந்த வண்டி ஒருநாள் நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். ஆகவே, வாகனத்தைப் பழுதுபார்க்கும் கருவியைப் பற்றிய பேச்சு, உண்மையில் குடும்பத்தின் வரவுசெலவைப் பற்றிய பேச்சே ஆகும்.

வாகனத்தில் நாமே செய்துகொள்ளத்தக்க சிறு வேலைகள் பல உள்ளன. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தல், இன்ஜின் ஆயிலை மாற்றுதல், பாட்டரி முனைகளை இறுக்குதல், பஞ்சரான கார்ச் சக்கரத்தை மாற்றுதல் ஆகியவை அத்தகையன. இவை அனைத்தும் ஒரு நட்டைக் கழற்றுவதில்தான் தொடங்குகின்றன. கருவி தரமற்றதாயின் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். முனை மழுங்கிய நட்டு எந்த ஸ்பானருக்கும் பிடிகொடாது. ஐந்து நிமிட வேலை அரைநாள் வேலையாகும். பட்டறையில் உளிகொண்டு வெட்டியெடுக்கவும் நேரிடும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர். எனினும், துருப்பிடித்த நட்டின்முன் எந்த வல்லவனுக்கும் நல்ல சாக்கெட் வேண்டும்.

மதுரைக்குப் பழக்கமான பாடம்

வாகனப் பராமரிப்பு மதுரைக்குப் புதிய கலையன்று. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ஆம் ஆண்டில் தம் நிறுவனத்தைத் தொடங்கி, 1912-இல் பேருந்துப் போக்குவரத்தில் இறங்கினார். மாட்டு வண்டிகளே சாலையை ஆண்ட காலம் அது. காளைகளின் லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் பேருந்தின் டயரைக் கிழிக்காதிருக்க, காந்தம் பொருத்திய வண்டியை முன்னே அனுப்பிச் சாலையிலுள்ள ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று இன்றும் சொல்வதுண்டு. பழுது நேர்ந்தபின் வருந்துவதினும், நேராமல் காப்பதே சிக்கனம் என்னும் பாடம் இதனுள் அடங்கியுள்ளது.

அக்குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனம் நட்டு, போல்ட்டு முதலியவற்றையே தொழிலாகக் கொண்டு 1962-இல் தோன்றியது. மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் மாவட்டத்து ஆவியூரிலும் அதன் ஆலை இயங்குகிறது. 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் சிற்றூர்களின் தெருக்களுக்கெல்லாம் இன்ஜினைக் கொண்டு சேர்த்தது. இவ்வாறு வண்டியும் நட்டும் நமக்கு நெருங்கிய உறவாகிவிட்டன. அவற்றுக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்கும் அறிவே இன்னும் பரவ வேண்டியிருக்கிறது.

சாக்கெட் என்பது யாது?

சாக்கெட் என்பது நட்டின் தலைமேல் தொப்பிபோல் கவிந்து, அதன் ஆறு பக்கங்களையும் ஒருங்கே பற்றும் எஃகுக் குழல். அதன் மறுபுறத்தில் ஒரு சதுரத் துளை உண்டு. அத்துளையில் கைப்பிடியைச் செருகித் திருகுகிறோம். வாய் திறந்த சாதாரண ஸ்பானரோ நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றும்; ஆகையால் வலுவாக இழுத்தால் வழுக்கும்.

கைப்பிடியையும் சாக்கெட்டையும் தனித்தனியே பிரித்துப் பயன்படுத்தும் முறையை 1920-இல் அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஐந்து கைப்பிடிகளும் பத்துச் சாக்கெட்டுகளும் சேர்ந்தால் ஐம்பது தனித்தனிக் கருவிகளின் வேலையைச் செய்யலாம் என்பதே அவர்கள் காட்டிய கணக்கு. அதாவது, இக்கருவியின் பிறப்பே சிக்கனத்தை நோக்கியது. இன்றோ பலர் நூறு துண்டுகள் அடங்கிய பெட்டியைத் தேடுகின்றனர்!

முதலில் வண்டியை அளந்திடுக

கடைக்குச் செல்லுமுன் உங்கள் வண்டியின் நட்டுகளை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். சாக்கெட்டில் பொறித்திருக்கும் எண் நட்டுத் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையேயுள்ள அகலத்தைக் குறிக்கும். போல்ட்டின் தடிமனைக் குறிக்காது. 6 மி.மீ. போல்ட்டின் தலை பொதுவாக 10 மி.மீ. அகலம் இருக்கும். 8 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானிய முறையில் 12 மி.மீ. தலை, ஐரோப்பிய முறையில் 13 மி.மீ. தலை. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானிய முறையில் 14. ஐரோப்பாவின் பழைய முறையில் 17. இன்றைய அனைத்துலக முறையில் 16.

ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் பிறந்த பைக்குகளிலும் கார்களிலும் 8, 10, 12, 14, 17 ஆகிய அளவுகளே மிகுதியும் காணப்படுவது இதனால்தான். பழைய புல்லட்டும் பழைய அம்பாசடரும் அங்குல அளவைச் சார்ந்தவை. அவற்றுக்கு மி.மீ. சாக்கெட்டைப் போட்டால் சிலவேளை பொருந்துவதுபோல் தோன்றும். இழுத்தபின்தான் முனை மழுங்கியது தெரியும். அத்தகைய வண்டி வைத்திருப்போர் அங்குலச் சாக்கெட்டுகளையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கிற்குத் தனிச் சாக்கெட் உண்டு. 10 மி.மீ. மரையுள்ள சிறு பிளக்குகளுக்கு 16 மி.மீ. சாக்கெட்டும், 14 மி.மீ. மரையுள்ள பழைய வகைப் பிளக்குகளுக்கு ஏறத்தாழ 21 மி.மீ. சாக்கெட்டும் பொருந்தும். கார்ச் சக்கர நட்டுகள் வண்டிக்கேற்ப 17, 19, 21 மி.மீ. எனப் பலவாறு அமையும்.

துண்டுகளின் எண்ணிக்கையில் மயங்காதீர்

கடைகளில் 46 துண்டுகள் கொண்ட சிறு பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அத்துண்டுகளில் பெரும்பகுதி திருப்புளி முனைகள். சாக்கெட்டுகள் இருப்பினும் அவை சிறியவை; அவற்றின் சதுரத் துளையும் கால் அங்குலமே. பக்கவாட்டு மூடியையும் கண்ணாடியையும் கழற்ற அது போதும். சக்கர நட்டை அதனால் கழற்ற முயன்றால் கைப்பிடிதான் முறியும்.

சதுரத் துளைகள் வீட்டு வேலைக்கு மூன்று அளவுகளில் வருகின்றன: கால் அங்குலம், எட்டில் மூன்று அங்குலம், அரை அங்குலம். தச்சர் வழங்கும் நூல் கணக்கில் இவை முறையே இரண்டு நூல், மூன்று நூல், நான்கு நூல். மொபெட்டும் பைக்கும் மட்டுமுள்ள வீட்டுக்கு மூன்று நூல் அளவே மிகப் பொருத்தம். கார் உள்ள வீட்டார் சக்கர நட்டுக்காக நான்கு நூல் கைப்பிடி ஒன்றையும், நட்டுக்கேற்ற ஒரு சாக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு குடும்பத்துக்கு 8, 10, 12, 13, 14, 17 ஆகிய ஆறு சாக்கெட்டுகள், பிளக் சாக்கெட் ஒன்று, ராட்செட் கைப்பிடி ஒன்று, நீட்டுக்கோல் ஒன்று, நெகிழாத ‘டி’ வடிவக் கைப்பிடி ஒன்று ஆகியவை போதும். மொத்தம் பத்தே துண்டுகள். ஐம்பது துண்டுகள் கொண்ட மலிவுப் பெட்டிக்குச் செலவிடும் பணத்தை இப்பத்துத் துண்டுகளில் செலவிட்டால், மகன் காலத்துக்கும் அவை நிற்கும்.

கடையில் நோக்க வேண்டியவை

முதலாவது, எஃகு. நல்ல சாக்கெட்டுகள் குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகினால் செய்யப்படுகின்றன; அது சாக்கெட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பொறித்த எழுத்து மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. எனவே, பெயர் பெற்ற நிறுவனத்தின் பொருளைப் பட்டியலுடன் வாங்குங்கள். நம் நாட்டிலேயே பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவிகளுக்குப் பேர்போனவை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி உற்பத்தியாளரின் பெயர், முகவரி, உச்ச விலை ஆகியவை உறைமேல் இருத்தல் வேண்டும். அவை இல்லாத பெட்டியைத் திருப்பித் தந்துவிடுங்கள். புகழ்பெற்ற பெயரில் ஓரெழுத்தை மாற்றி வரும் போலிகளையும் கவனியுங்கள்.

இரண்டாவது, உள்முனைகள். ஆறு முனையுள்ளவை, பன்னிரண்டு முனையுள்ளவை என இருவகைச் சாக்கெட்டுகள் உண்டு. பன்னிரண்டு முனையுள்ளது நட்டின்மேல் எளிதில் அமரும். ஆயினும் நட்டின் முனைகளுக்கு மிக அருகில் பற்றுவதால், துருவேறிய நட்டை மழுக்கிவிடும். வீட்டு வேலைக்கு ஆறு முனையே உத்தமம்.

மூன்றாவது, பொருத்தம். வண்டியின் நட்டு ஒன்றைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சாக்கெட்டில் அதை இட்டுத் திருப்பிப் பாருங்கள். எளிதாக அமர வேண்டும். அமர்ந்தபின் பெரிதும் ஆடலாகாது. குழலின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாய் இருக்கிறதா என்றும், முலாம் எங்கேனும் உரிந்திருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் நோக்குங்கள்.

நான்காவது, ராட்செட். இதனுள் பற்சக்கரம் ஒன்று உள்ளது. பற்கள் 24 எனில் ஒவ்வொரு முறையும் 15 பாகை திருப்பினால்தான் அடுத்த பல் விழும். 72 எனில் 5 பாகை போதும். கையை அசைக்க இடமில்லாத மூலைகளில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். கையிலெடுத்து இருபுறமும் திருப்புங்கள். ஒலி சீராக இருக்க வேண்டும். திசை மாற்றும் நெம்பு உறுதியாக நிற்க வேண்டும்.

வெள்ளி போல் மின்னும் சாக்கெட்டுகளைக் காற்று விசைத் துப்பாக்கியில் பொருத்தலாகாது. அதன் அதிர்ச்சியில் அவை வெடித்துச் சிதறும். அதற்கென்றே கறுத்த நிறத்தில் வேறு சாக்கெட்டுகள் உள்ளன.

இறுக்கத்துக்கும் அளவுண்டு

கழற்றத் தெரிந்தவர் பலர். அளவோடு இறுக்கத் தெரிந்தவர் சிலர். கால் மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 40 கிலோ எடையளவு அழுத்தினால், ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை உண்டாகும். சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு ஏறத்தாழ 85 முதல் 110 வரை தேவை. சிறிய பைக்கின் பிளக்கிற்கோ 10 முதல் 15 வரையே போதும். அதாவது அதே கைப்பிடியில் ஐந்து கிலோ அளவு அழுத்தம்! பிளக் அமரும் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அதன் மரை போய்விட்டால் செலவு ஆயிரக்கணக்கில் ஏறும். ஆதலால் பிளக்கை முதலில் வெறுங்கையால் திருகி அமர்த்தியபின்பே கைப்பிடியைப் பொருத்த வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவை அதன் கையேட்டில் காணலாம்.

கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. நீளம் இருமடங்கானால் விசையும் இருமடங்காகும். ராட்செட்டின் சிறு பற்கள் அதைத் தாங்கா. இறுகிப்போன நட்டை நெகிழ்த்த ‘டி’ கைப்பிடியையே பயன்படுத்துங்கள். செம்மண் புழுதி நட்டின் தலையில் படிந்திருந்தால் சாக்கெட் முழுதும் அமராமல் வழுக்கும். முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருநீக்கும் எண்ணெய் இட்டுச் சற்றே காத்திருங்கள். பொறுமை அங்கே பாதி வேலையைச் செய்துவிடும்.

காரின் சக்கர நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஜாக்கி தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். சக்கரம் தரையில் ஊன்றியபின் இறுதியாக இறுக்கி, ஐம்பது அல்லது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறை சோதியுங்கள். அவ்வண்டியில் செல்வோர் நம் மனைவி மக்களே என்பதை நினைவிற்கொண்டால், இச்சிறு உழைப்பு சுமையாகத் தோன்றாது.

நம் எல்லை

நல்ல கருவி கையில் இருப்பதால் எல்லா நட்டையும் தொட்டுவிடலாம் என எண்ணுதல் தகாது. பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின் தலைப்பகுதி ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படையுங்கள். அவர் வேலை செய்கையில் அருகில் நின்று கவனிப்பதும் ஒரு கல்வியே.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு சாக்கெட்டையும் துடைத்து, எண்ணெய் தோய்ந்த துணியால் மெல்ல வருடி, அதன் குழியில் வையுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் இது தவறாமல் வேண்டும். பெட்டியில் ஒரு குழி வெறுமையாயிருந்தால், அத்துண்டு இன்ஜின் அருகே கிடக்கிறது என்று பொருள். அதைக் கண்டெடுக்குமுன் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

பிள்ளைகள் அருகில் இருக்கட்டும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விரலால் தொட்டறிய, மகனுக்குப் போலவே மகளுக்கும் கற்பியுங்கள். நாளை நெடுஞ்சாலையோரம் வண்டி நின்றால், யாரையும் எதிர்பாராமல் அவளே ஒரு பிளக்கைக் கழற்றித் துடைத்து வீடு வந்து சேர்வாள். பத்துத் துண்டுகள் கொண்ட பெட்டியின் உண்மையான விலைமதிப்பு அன்று தெரியும்.