மாவு அரைப்பதில் என்ன பிரமாதம்?

"மில்லில் தானியத்தைக் கொட்டினால் மாவு வந்து விழுகிறது. இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்கிறீர்களா, சகோதரிகளே? சிரிப்பதற்கு முன், என்னுடன் பழவேற்காடு வரை கொஞ்சம் வாருங்கள்.

பொன்னேரி வழியாகப் போனால் ஏரி வந்துவிடும். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. ஆனால் பக்கத்து மீனவர் குடியிருப்பின் பெயரில் ‘கோட்டை’ இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அதுதான் கோட்டைக்குப்பம்.

இங்கே ‘பாடு’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களில் யார், எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். முறை வராத நாளில் என்ன செய்வது? முறை வந்தும் வலை வெறுமையாகத் திரும்பினால்? குழந்தையின் பசி அதற்காகக் காத்திருக்குமா? இப்படிப்பட்ட நாட்களில் கரையோரத்து வீடுகளுக்குக் கை கொடுப்பது டப்பாவில் இருக்கும் கேழ்வரகு மாவுதான். கூழும் ஒரு துண்டு கருவாடும் இருந்தால் பொழுது கழிந்துவிடும். அந்த மாவே பூசணம் பூத்துவிட்டால்? ஏரிக் காற்றோ ஈரக் காற்று. இப்போது சொல்லுங்கள், மாவு அரைப்பது சின்ன விஷயமா?

பட்டணத்துக் கடைகளில் இப்போது ‘குவினோவா’ என்று ஒன்று விற்கிறார்கள். தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலை மக்கள் நெடுங்காலமாகச் சாப்பிட்டு வரும் விதை அது. நம் சக்கரவர்த்திக் கீரைக்கு ஒன்றுவிட்ட சகோதரி! ஐக்கிய நாடுகள் சபை 2013-ஐக் குவினோவா ஆண்டு என்று அறிவித்தது; 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்றது. புரதச் சத்தில் குவினோவா கேழ்வரகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் சுண்ணாம்புச் சத்தில் நம் கேழ்வரகை அசைக்க முடியாது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆகையால் எட்டாத விலைக்கு ஏங்க வேண்டாம். வீட்டில் இருப்பதை ஒழுங்காக அரைத்தாலே போதும்.

முளை கட்டிய கேழ்வரகு மாவு செய்யும் விதம் இதுதான். ஒரு கிலோ கேழ்வரகைப் புடைத்து, கல் அரித்து, தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் நீரை வடித்துவிட்டு, ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டி வையுங்கள். துணி காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்தால் போதும். பிசுபிசுத்து, கெட்ட வாடை வீசினால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இனிமேல்தான் சூட்சுமம் இருக்கிறது. சுத்தமான துணியில் மெல்லியதாகப் பரப்பி, வெயிலில் காய வையுங்கள். கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். வாடையும் மணலும் வந்து சேரும்! பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். காய்ந்த தானியம் மாலைக் காற்றின் ஈரத்தைத் திரும்பவும் குடித்துவிடும். ஒரு மணியை எடுத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். நசுங்கினால் மறுநாளும் வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பிறகு இளஞ்சூட்டில் மணம் வரும் வரை லேசாகப் புரட்டினால் போதும். கருக வறுத்தால் முளையின் குணமே போய்விடும். மில்லுக்குப் போனால், உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் கஞ்சியில் காரம் ஏறினால் ராத்திரித் தூக்கம் உங்களுக்கும் கிடையாது! சூடாக வரும் மாவை அப்படியே டப்பாவில் அடைக்காதீர்கள். மூடி வியர்க்கும், மாவு கெடும். ஆறிய பிறகு சலித்து, ஈரமில்லாத டப்பாவில் போடுங்கள். முழுத் தானியம் நெடுநாள் நிற்கும். மாவு அப்படி நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதே புத்திசாலித்தனம்.

குவினோவா அரைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் மேல் கசப்பான பூச்சு ஒன்று உண்டு. கழுவும்போது சோப்பு மாதிரி நுரைக்கும். நுரை நிற்கும் வரை அலசி, உடனே உலர்த்தி, பிறகு அரையுங்கள்.

முளை கட்டுவதற்கு இத்தனை சிரமம் எதற்கு? கைக்குழந்தைக்குக் கெட்டிக் கஞ்சி இறங்காது. தண்ணீர் ஊற்றி இளக்கினாலோ, சின்ன வயிறு தண்ணீராலேயே நிரம்பிவிடும். முளைக்கும் தானியத்தில் மாவுச் சத்தைக் கரைக்கும் பொருள் ஒன்று தானாகவே உண்டாகிறது. அதனால் மாவு அதிகம் போட்டாலும் கஞ்சி இளகி நிற்கும். ஒவ்வொரு கரண்டியிலும் சத்து கூடும். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பிறகு நன்றாகக் கொதிக்க வைத்த இந்தக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

ஏரியில் வலைக்குக் கிடைப்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். டப்பாவில் இருக்கும் மாவோ உங்கள் கைத்திறமை. நாளைக்கு வெயில் நன்றாக அடித்தால், துணியை விரித்துவிடுங்கள்!