தரை ஓடும் தொழிலாளியின் கையும்

வீடு கட்டும் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் சிக்கனம் விசித்திரமானது. ஓடு வாங்குவதற்குக் கள்ளக்குறிச்சிக்கும் விழுப்புரத்துக்கும் பலமுறை அலைந்து, பத்துக் கடை ஏறி இறங்கி, நிறமும் பூவேலையும் பார்த்து வாங்குகிறார்கள். அந்த ஓட்டைப் பதிப்பவர் யார் என்ற கேள்வியையோ கடைசி நாளில், சதுர அடிக்கு எவர் குறைத்துச் சொல்கிறார் என்ற ஒன்றைக் கொண்டே தீர்த்துவிடுகிறார்கள். பிறகு இரண்டு கோடை கழிவதற்குள் தரை ஓசையிடுகிறது; குளியலறையில் நீர் தேங்குகிறது; பழி ஓட்டின்மேல் விழுகிறது. உண்மையில் தரை கெடுவது பெரும்பாலும் ஓட்டினாலன்று, பதித்த முறையினாலேயாம்.

இது செல்வர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று எவரும் தள்ளிவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், களமருதூர் போன்ற கிராமங்களிலும் கூரை வீடுகள் மறைந்து காங்கிரீட் வீடுகள் எழும்புகின்றன. 2024ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் அளிக்கப்படுகிறது. அதற்குமேல் நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோதான் ஓர் ஏழைக் குடும்பம் தரைக்கு ஓடு போடுகிறது. அந்தத் தரை பெயர்ந்தால் மறுபடி போடப் பணம் எங்கிருந்து வரும்?

ஓடுகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. நம் தேசத்தில் செய்யப்படும் ஓடுகளில் பெரும்பகுதி குஜராத்திலுள்ள மோர்பியிலிருந்து வருகிறது. சுவருக்கென்று செய்யும் ஓடு தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் அதிகமாக நீர் குடிக்கும். விட்ரிஃபைடு என்னும் ஓடோ நூற்றுக்கு அரைப் பங்குக்குமேல் குடியாது. முன்னதை நீரில் ஊறவைத்துச் சிமெண்டுக் கலவையில் பதிக்கலாம். பின்னதில் சிமெண்டுப் பால் புகுந்து பிடிக்கத் துவாரமே இல்லை. அதற்கென்று செய்த ஒட்டுப்பசை வேண்டும். இவ்வித்தியாசம் தெரியாதவர் எல்லா ஓட்டுக்கும் சிமெண்டுப் பாலையே ஊற்றுவார். அன்றைக்குத் தரை கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் கோடையில் ஓடும் தளமும் விரியும்போது, இடைவெளியின்றி நெருக்கிப் பதித்த தரை கூடாரம்போல் எழும்பிவிடும்.

கைத்திறனே தரையின் உயிர் என்பதற்கு நமது நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணச் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே ஓடு செய்கிறார்கள். அது சூளையில் வேகாத ஓடு. நீரில் ஊறிப் பதமாவது. இயந்திரத்தின் துல்லியம் அதற்கு இல்லை. கனத்தில் காணும் சிறு ஏற்றத்தாழ்வைப் பதிக்கிறவரே கலவையில் சமன் செய்ய வேண்டும். செட்டிநாட்டு மாளிகைகளின் அழகைப் புகழ்கிறவர்கள், முழங்காலிட்டு அந்தத் தரையைப் போட்ட கைகளையும் சேர்த்தே புகழ வேண்டும்.

ஆகவே கொத்தனாரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேச்சைக் கேட்பதைவிட, அவர் இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட தரையைப் பார்ப்பது மேல். ஒரு நாணயத்தால் ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லையென்று அறியலாம். வாசற்படி ஓரத்திலும் மூலைகளிலும் வெட்டிய துண்டுகள் நேராக இருக்கின்றனவா? குளியலறையில் ஒரு குடம் நீரைக் கொட்டினால் அது துவாரத்தை நோக்கி ஓடுகிறதா? நூறு அங்குலத்துக்கு ஓர் அங்குலமேனும் சரிவு வேண்டும். வயோதிகர் உள்ள வீட்டில் அவ்வறைக்கு வழுவழுப்பான ஓட்டை வேண்டாமென்று தாமே சொல்லும் கொத்தனார் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

அடுத்தது ஒப்பந்தம். வாய்ச்சொல் போதுமென்று இருப்பதால்தான் சிநேகிதம் வழக்காகிறது. ஒரு தாள் போதும். கூலி சதுர அடிக்கா, நாளுக்கா? பழைய தரையைப் பெயர்ப்பது, சுவரடிப் பட்டை ஒட்டுவது, இடைவெளிக்குப் பூச்சு நிரப்புவது ஆகியவை அதில் அடங்குமா? பசையும் மணலும் யார் பொறுப்பு? ஓசையிடும் ஓட்டை மாற்றித் தருவது எத்தனை மாதம் வரை? இவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். 12 அடிக்கு 12 அடி அறை 144 சதுர அடி. இரண்டடிச் சதுர ஓடு 36 பிடிக்கும். வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 40 வாங்குவது உத்தமம். பெட்டிகள் யாவும் ஒரே தொகுதி எண் உடையனவா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். இன்றேல் நிறம் மாறும். பணத்தை முழுவதும் முன்னதாகக் கொடுப்பதும் தவறு, வேலை முடிந்தபின் இழுத்தடிப்பதும் தவறு. வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுப்பதே நியாயம். கூலி பெற்றுச் செய்த வேலையில் குறை நேர்ந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். இரண்டு வருஷத்துக்குள் முறையிட வேண்டும். அங்கும் அந்த ஒரு தாளே முதற் சாட்சி.

உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம் என்று தொழிலாளியை விரட்டி, பதித்த மறுநாளே கட்டிலையும் பீரோவையும் இழுக்கும் வீட்டுக்காரர் தம் தரையைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். ஓட்டை உலர்ந்தபடியே இயந்திரத்தில் அறுக்கும்போது எழும் தூசி சுவாசகோசத்தைத் தின்பது. நீர் விட்டு அறுக்கச் சொல்வதும், அதற்கு வேண்டிய இடமும் நேரமும் கொடுப்பதும் நமது கடமை. கட்டுமானத் தொழிலாளருக்கென்று 1994ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் நல வாரியம் இருக்கிறது. நம் வீட்டுக்கு வருகிறவர் அதில் பதிந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையேல் பதியத் துணை செய்வது பெரிய உபகாரம்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கூலி தேடி வெளியூர் செல்லும் இளைஞர்கள் அநேகர். கலவை சுமப்பதோடு அவர்கள் வாழ்வு முடிவானேன்? ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் அவர்களும் கௌரவமாகப் பிழைப்பர். ஆனால் வித்தைக்குக் கூலி கொடுக்க ஊரார் மனம் வைத்தாலன்றி வித்தை கற்க எவர் வருவார்? குறைந்த கூலியையே தேடுகிற ஊரில் அரைகுறை வேலைக்காரரே மிஞ்சுவர். கேட்கிற கூலி நியாயமாயின் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலையைக் கண்டிப்பாகப் பார்த்து வாங்குங்கள். தரையும் நிலைக்கும், தொழிலும் நிலைக்கும்.