பத்து ஆற்றில் எவ்வளவு தண்ணீர்?

பத்துமலைக்கு அருகில் ஓடும் பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் கலந்து, கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கிள்ளான் ஆற்றைச் சேர்கிறது. தைப்பூசத்தில் பக்தர்கள் நீராடும் ஆறும் இதுவே. கரையில் நட்ட அளவுகோலைப் பார்த்ததும் தண்ணீரை அளந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அது காட்டுவது மட்டத்தை மட்டுமே. ஒரு நொடியில் எத்தனை கன மீட்டர் நீர் கடக்கிறது என்பதே பாய்வளவு. குறுக்குவெட்டுப் பரப்பை ஓட்டத்தின் சராசரி வேகத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். வேகம்தான் பிடிகொடுக்காதது: கரையோரமும் அடியிலும் உராய்வால் தளரும், நடுவில் விரையும். எனவே ஆற்றின் அகலத்தைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே அளப்பார்கள். அங்குள்ள வேகம் சராசரியை ஒட்டியிருக்கும்.

மட்டத்துக்கும் பாய்வளவுக்கும் உள்ள உறவை ஒருமுறை கோடாக வரைந்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். வண்டலும் மணலும் படிந்தாலோ வெள்ளம் அடியை அரித்தாலோ அதே மட்டத்தில் வேறு அளவு நீர் ஓடும். பழைய கோடு பொய்க்கும். ஆற்றின் மேற்பகுதியில் 1987-இல் கட்டி முடிந்த பத்து அணை வெள்ளத்தைத் தடுக்கிறதே, பிறகு அளப்பது எதற்கு என்ற வாதம் இன்னும் வலுவானது. ஆனால் அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை தடுக்காது. அங்கு தார்ச்சாலையும் சிமெண்டும் மூடிய நிலத்தில் நீர் ஊறாமல் நேரே ஆற்றில் இறங்குகிறது. 1971 ஜனவரி வெள்ளத்தில் மூழ்கிய கோலாலம்பூர், இந்த ஆறுகள் கூடும் தாழ்நிலத்தில்தான் இருக்கிறது.