இரவுக் காவலுக்கு எந்த டார்ச் லைட்?

பள்ளிவாசலையும் கபரஸ்தானையும் இரவில் சுற்றிப் பார்க்கும் காவலருக்கு டார்ச் வாங்குவது, பெரும்பாலும் நிர்வாகக் கூட்டத்தின் கடைசி விஷயமாகத்தான் வரும். பெயிண்ட், மோட்டார், ஸ்பீக்கர் எல்லாம் பேசி முடித்து, துஆ ஓதி எழுந்திருக்கும் நேரம். "சரி, நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க" என்று ஒருவர் சொல்வார். முந்நூறு ரூபாய் ஒதுக்கப்படும். அந்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறவர் அப்போது வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்து ஜமாஅத் ஒன்றில் அப்படி வாங்கிக் கொடுத்த சில மாதங்களில், காவலர் கையில் டார்ச் இல்லாமல் செல்போன் வெளிச்சத்தில் நடப்பதைப் பார்த்தேன். பழுதாகிவிட்டதா என்று கேட்டேன். "பழுதெல்லாம் இல்ல ஹஜ்ரத். பத்து மணிக்கு நல்லா எரியுது. ரெண்டு மணிக்குத்தான் எரியாது" என்றார்.

காவலுக்கு டார்ச் வாங்குவதில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்தப் பதிலில் இருக்கிறது. கடைக்காரர் நமக்குப் போட்டுக் காட்டுவது பத்து மணி வெளிச்சத்தை. காவலருக்குத் தேவை இரண்டு மணி வெளிச்சம்.

மணலூர்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் தென்பெண்ணை ஆறு, சுற்றிலும் நெல்லும் கரும்பும். தெருவிளக்கு முடியும் இடத்திலேயே வயல் தொடங்கிவிடும். வயலில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அது கடித்தால் பல நேரம் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது, எறும்பு கடித்ததென்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கண்ணாடி விரியன் வரப்பு ஓரத்துச் சருகின் நிறத்திலேயே கிடக்கும். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அதனால் காவலரின் டார்ச்சுக்கு முதல் வேலை திருடனைத் தேடுவது அல்ல. அவர் அடுத்த காலடியை எங்கே வைக்கப் போகிறார் என்பதைக் காட்டுவது.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, வினாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் விடிவதற்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி ஒரு இரவில் மின்சாரமும் இருக்காது, செல்போனில் சார்ஜும் இருக்காது. மழையில் நனைந்தும் எரிகிற டார்ச் யார் வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டை நோக்கித்தான் தெரு முழுக்க நகரும்.

சரி, கடைக்குப் போவோம்.

டார்ச் பெட்டியில் கண்ணில் படுகிற முதல் எண் 'லூமென்'. ஒரு விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. இப்போது ஆன்லைனில் 10,000 லூமென், 50,000 லூமென் என்றெல்லாம் போடுகிறார்கள். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கையடக்க டார்ச்சில் போடும் நல்ல லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 10 வாட்-மணி மின்சாரம் இருக்கும். இன்றைய எல்இடி, இழப்பெல்லாம் போக, ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும். அப்படியானால் அந்தப் பேட்டரியால் 1,000 லூமெனை ஒரு மணி நேரம் தர முடியும், அல்லது 100 லூமெனைப் பத்து மணி நேரம். 10,000 லூமென் உண்மையிலேயே வருகிறதென்றால் ஆறு நிமிடத்தில் பேட்டரி தீர வேண்டும். அதற்குள் டார்ச் கையில் பிடிக்க முடியாத அளவு சுட வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் பெருக்கல் கணக்கு இது. ஆனாலும் படித்தவர்கள் ஏமாறுகிறார்கள்.

தெருவில், வரப்பில், கபரஸ்தான் பாதையில் நடந்து பார்க்க 100 முதல் 200 லூமென் தாராளம். ஏதோ சத்தம் கேட்டு மதில் ஓரம் வரை அடித்துப் பார்க்கும் அரை நிமிடத்துக்கு 600, 800 லூமென் இருந்தால் போதும். இந்த இரண்டு அளவும் ஒரே டார்ச்சில் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டை விரலால் மாற முடிய வேண்டும். அதற்கு மேல் கொடுக்கும் காசு பெட்டியின் அழகுக்கு.

தூரத்துக்குப் பாயும் வெளிச்சம் வேறு கணக்கு. அதை 'கேண்டெலா' என்ற அளவால் குறிக்கிறார்கள். வெளிச்சத்தை ஒரு புள்ளியில் எவ்வளவு குவிக்கிறது என்பதே அது. ஒரே லூமெனை அகலமாகப் பரப்பினால் முற்றம் முழுக்கத் தெரியும், குவித்தால் தென்னை உச்சி தெரியும். 10,000 கேண்டெலா உள்ள டார்ச்சுக்குப் பெட்டியில் '200 மீட்டர்' என்று போட்டிருப்பார்கள். பொய் அல்ல. ஆனால் அந்த 200ஆவது மீட்டரில் விழுவது பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம்தான். அங்கே ஆள் நிற்கிறாரா என்று தெரியலாம்; யார் என்று தெரியாது. ஆளை அடையாளம் காண, பெட்டியில் உள்ள தூரத்தைப் பாதியாக்கி, அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நடந்து சுற்றும் காவலருக்கு நடுவில் குவிந்து ஓரங்களில் பரவும் வெளிச்சமே நல்லது. ஊசி மாதிரிக் குவியும் டார்ச், தூரத்து மதிலைக் காட்டிவிட்டுக் காலடியை இருட்டில் விட்டுவிடும்.

அடுத்தது 'எத்தனை மணி நேரம் எரியும்' என்ற வரி. இங்கேதான் அந்தக் காவலரின் இரண்டு மணிப் பிரச்சினை இருக்கிறது. நல்ல நிறுவனங்கள் பின்பற்றும் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவில்கூட, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரத்தைத்தான் 'எரியும் நேரம்' என்கிறார்கள். 1,000 லூமெனில் தொடங்கி, சூடு தாங்காமல் சில நிமிடத்தில் தானாகவே இறங்கி, மீதி ராத்திரி முழுக்க மங்கலாக எரிந்தாலும் பெட்டியில் 'எட்டு மணி நேரம்' என்று எழுத அதில் இடம் இருக்கிறது. ஆகவே அதிகபட்ச வெளிச்சத்துக்குப் பக்கத்தில் உள்ள நேரத்தைப் பார்க்காதீர்கள். நடுத்தர அளவில், அதாவது 100, 150 லூமெனில் எத்தனை மணி நேரம் என்பதைப் பாருங்கள். அது ஆறுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பேட்டரி விஷயம். நம் ஊர்க் கடைகளில் பின்பக்கம் இரண்டு பின் வைத்து நேராகச் சுவர் பிளக்கில் செருகும் பிளாஸ்டிக் டார்ச்சுகள் பலவற்றில், உள்ளே இருப்பது ஈய-அமில பேட்டரி. ஸ்கூட்டர் பேட்டரியின் குட்டித் தம்பி. விலை குறைவு. தினமும் சார்ஜ் போட்டால் ஓரளவு ஓடும். ஆனால் தீர்ந்த நிலையில் சில வாரம் அலமாரியில் கிடந்தால் உள்ளே தகட்டில் உப்புப் படிந்து செத்துவிடும். 'புயல் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்' என்று வாங்கி வைத்த டார்ச் புயலன்று எரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். ஒரு காலத்தில் எவரெடி டார்ச்சில் மூன்று பேட்டரிக்கட்டை போட்டு நடந்த கூர்க்காவுக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்டை தீர்ந்தால் பெட்டிக்கடையில் வேறு வாங்கிப் போடுவார்.

அந்த வசதி ரீசார்ஜபிளிலும் உண்டு, கேட்டு வாங்கினால். '18650' என்ற வகை லித்தியம் பேட்டரி போடும் டார்ச்சாகப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயர். மூடியைத் திருகி வெளியே எடுக்கலாம். இரண்டு ஆண்டில் பேட்டரி தளர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். டார்ச்சைத் தூக்கிப்போட வேண்டாம். இந்த அளவு பேட்டரியில் இன்று கிடைக்கும் உண்மையான கொள்ளளவு 3,500 எம்ஏஎச் சுற்றளவில் நின்றுவிடும். 9,900 என்று அச்சடித்தவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல 18650 சுமார் 45 கிராம் எடை இருக்கும். போலி கைக்கு லேசாகத் தெரியும். பேட்டரி மேல் பிஐஎஸ் குறியும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உறுதிக்கு நான் பார்ப்பது மூன்று இடங்கள்: உடல், சுவிட்ச், சார்ஜ் துளை. உடல் அலுமினியமாக இருந்தால் சூட்டை வெளியே கடத்தும், கீழே விழுந்தாலும் தாங்கும். சுவிட்சை இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். ஒரு கையில் தடி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். சில டார்ச்சுகளில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கூடுதல், குறைவு, மின்னல் வெட்டு என்று சுற்றி வரும். அவசரத்தில் அழுத்தினால் கல்யாண மேடை விளக்கு மாதிரி வெட்டிக்கொண்டிருக்கும். அதை வாங்காதீர்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடிதான் தண்ணீர் இறங்கும் முதல் வழி. அது தளர்வாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. 'ஐபிஎக்ஸ் 4' என்றால் சாரல் தாங்கும். 'ஐபிஎக்ஸ் 7' என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆற்றோர ஊருக்கு ஏழுதான்.

வெளிச்சத்தின் நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். நீலம் கலந்த வெள்ளை கடையில் கண்ணைப் பறிக்கும்; மழையிலும் மார்கழிப் பனியிலும் அதன் கூச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். சற்று மஞ்சள் சாய்ந்த வெள்ளையில் மண்ணும் சருகும் பாம்பும் தனித்தனி நிறமாகத் தெரியும். பனியில் நடக்கும்போது டார்ச்சைக் கண் உயரத்தில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே பிடித்தால் இன்னும் தெளிவு.

இப்படிப்பட்ட டார்ச் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகலாம். ஜமாஅத் பணம் அமானிதம், சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று ஒரு சகோதரர் என்னிடம் வாதாடினார். சிக்கனம் சரிதான். வருடத்துக்கு மூன்று முறை முந்நூறு ரூபாய் டார்ச் வாங்குவது எந்தச் சிக்கனத்தில் சேரும்? அந்தப் பெரியவரின் காலும் நம்மிடம் உள்ள அமானிதம்தானே.

சார்ஜ் போடும் விஷயத்தில் கவனம் வேண்டும். இரவில் உறங்கும் முன் விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸை எல்லோரும் கேட்டிருப்போம். இன்று திரி இல்லை, லித்தியம் இருக்கிறது. டார்ச்சோடு வந்த அல்லது தரமான சார்ஜரில், பகலில், ஆள் இருக்கும்போது சார்ஜ் போடுங்கள். தொழுகை விரிப்பின் மேலும், கிதாபு அலமாரியிலும், மெத்தையிலும் வைத்துப் போட வேண்டாம். உப்பிய பேட்டரியைக் குத்தியோ அழுத்தியோ பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு இருக்கிறது. உதிரிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஜிப்பா பையில் போடுவதும் ஆபத்து. உலோகம் உரசி ஷார்ட் ஆகிவிடும். சின்ன பிளாஸ்டிக் டப்பா போதும்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். இஷா தொழுகை முடிந்ததும் முழு சார்ஜோடு நடுத்தர அளவில் எரியவிட்டு, காவலரையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மணிக்குக் கபரஸ்தான் வாசலில் நின்று அடித்தால் எத்தனையாவது வேப்பமரம் வரை தெரிகிறது என்று அவர் ஃபஜ்ரில் வந்து சொல்லட்டும். திருப்பிக் கொடுப்பதற்கான பில்லை அதுவரை முத்தவல்லி பத்திரமாக வைத்திருக்கட்டும்.